நடுவில் ஒரு மூச்சு

இடது ஸ்பீக்கரின் முதுகில் வயர்கள் மாறியிருந்தன.

சிவப்பு வயர் கறுப்புத் திருகில். கறுப்பு வயர் சிவப்புத் திருகில். அவசரத்தில் நடந்த தவறு என்றால் சும்மா மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். இங்கே அந்தத் தவறின் மேல், காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல, வெள்ளைப் பிளாஸ்திரியை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, அதன் மேல் நீலப் பேனாவால் ஒரு வார்த்தையும் எழுதியிருந்தது.

‘தொடாதே.’

பாம்புக்காது சிரித்துக்கொண்டான். பழைய சொந்தக்காரர், வீட்டுக்கு வரும் வாண்டுகளுக்காக எழுதியிருப்பார் என்று நினைத்தான்.

பாம்புக்காது என்பது அவனுடைய பெற்றோர் வைத்த பெயரல்ல. பம்ப் தொழிற்சாலை வைத்தது. பத்தொன்பது வருடமாக அங்கே அவனுடைய வேலை, காதால் கேட்பது. பெல்ட்டில் வரும் ஒவ்வொரு மோட்டாரின் வயிற்றிலும் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் அழுத்தி, இரண்டு விநாடி கண்ணை மூடுவான். “சரி” என்றால் சரி. “பேரிங் போச்சு” என்றால், பிரித்துப் பார்க்கும்போது பேரிங் போயிருக்கும். மெஷின் வைத்துப் பரிசோதிக்கிறவர்கள்கூடக் கடைசியில் அவன் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

அந்தக் காதுதான் இப்போது கணக்கு முடிக்கப் பார்த்தது.

போன மாதம் காது டாக்டர் அவனை ஒரு முக்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். சுற்றிச் சுற்றி நடந்து விரலைச் சொடுக்கினார். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று அவன் கை காட்ட வேண்டும். இடது, சரி. வலது, சரி. மூன்றாவது சொடுக்குக்கு நேர் முன்னால் கை நீட்டினான். கூட வந்திருந்த மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள்.

“என்னங்க, டாக்டர் உங்க முதுகுக்குப் பின்னாடி நிக்கிறாரு!”

டாக்டர் சிரிக்கவில்லை. தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “மூணு மாசம்” என்றார். “நாலுன்னு சொல்ல எனக்கும் ஆசைதான். ரெண்டு காதும் ஒண்ணா இறங்குது சார். மெஷின் வச்சாலும் பிரயோஜனமில்லை. கேக்க வேண்டியதையெல்லாம் இப்பவே கேட்டுக்கோங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் மருந்துச் சீட்டாகவே எடுத்துக்கொண்டான்.

இறந்துபோன ஒரு பல் டாக்டரின் வீட்டில் ஸ்டீரியோ செட் விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போய், அவருடைய தங்கையிடமிருந்து வாங்கி வந்தான். இடுப்பளவு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர். தூக்கினால் முதுகு பிடித்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபயர். ஒரு பிளேயர். ஒரு மரப்பெட்டி நிறைய டிஸ்க்குகள். சாதாரண சி.டி. பாட்டைப் புகைப்படம் பிடித்துத் தரும் என்றால், இந்த உயர்தர டிஸ்க்குகள் பாட்டு நடந்த அறையையே பெயர்த்துக்கொண்டு வந்து வைப்பவை. வில் நரம்பைத் தொடுவதற்கு முந்தைய தயக்கம், பியானோ மிதி ஏறி இறங்கும் பெருமூச்சு, பின்வரிசையில் யாரோ நாற்காலியில் அசைவது எல்லாம் அதில் இருக்கும். ஊமையாகப் போகிற உலகத்திலிருந்து முடிந்தவரை அள்ளிக்கொண்டுவிட வேண்டும் என்று அவனுக்கு வெறியே பிடித்திருந்தது.

அப்படிப்பட்டவன் வயரை மாற்றி மாட்டியதைப் பொறுத்துக்கொள்வானா? வயர் மாறினால் ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். இரண்டுக்கும் நடுவே, வெற்றிடத்தில், ஆள் நிற்பதுபோல் நிற்க வேண்டிய குரல் கரைந்து அறையெங்கும் சிதறிப்போகும். முதல் பாடமே அதுதான்.

கத்தரிக்கோலால் பிளாஸ்திரியை வெட்டினான். சிவப்பைச் சிவப்பில் முடுக்கினான். கறுப்பைக் கறுப்பில் முடுக்கினான்.

அது ஒரு சனிக்கிழமை மதியம். அவனுக்கு விடுமுறை. ஒன்றாம் வகுப்பு டீச்சரான மனைவிக்குப் பள்ளி உண்டு, நாலரைக்குத்தான் வருவாள். ஜன்னலை மூடி, கனத்த திரையை இழுத்துவிட்டு, ஸ்பீக்கர்களுக்கு ஒன்பது அடி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ரிமோட்டை அழுத்தினான்.

பாடகி வந்து நின்றாள்.

பொய்யில்லை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஒன்றுமேயில்லாத இடத்தில், சுவரில் மாட்டிய காலண்டருக்குச் சற்று முன்னால், ஐந்தடி உயரத்தில் ஒரு வாய் இருந்தது. உதடு பிரிகிற ஈரச் சத்தம் கேட்டது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தாள். பாடினாள். அவன் அழுதான். நாற்பத்திநாலு வயது ஆண்பிள்ளை, இருட்டறையில் தனியாக உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதான்.

பாட்டு முடிந்தது. கடைசி ஸ்வரம் கூரையில் ஏறித் தேய்ந்து மறைந்தது. டிஸ்க் நின்றது.

பிறகு நடுவில் அவள் இன்னொரு முறை மூச்சு வாங்கினாள்.

* * *

“பாடறவங்க மூச்சு விடாம எப்படிப் பாடுவாங்க?” என்றாள் மனைவி, அன்று மாலை செருப்பைக் கழற்றிக்கொண்டே. “இதுக்கெல்லாமா புல்லரிச்சுப்போய் உக்காந்திருக்கீங்க?”

“பாட்டு முடிஞ்சப்புறம் டீச்சர்.”

“ஓடி முடிச்சவனுக்குத்தானே மூச்சு வாங்கும்?”

வாதத்தில் அவளை ஜெயிக்க முடியாது. சாயங்காலங்களில் அவள் அவனுக்கு உதடு படிக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்காருவார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு எழுத்தாக, சத்தமில்லாமல், வாயை அகலத் திறந்து சொல்வாள். அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். மழை வருது, சரி. சாவி எங்கே, சரி. குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுங்க...

“தெரியலையே” என்றான்.

“இது மட்டும் ஆறு நாளா தெரியலை உங்களுக்கு!”

சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மேல்நுனி அவனுக்குக் கேட்கவில்லை. அவளுடைய சிரிப்பில் எப்போதும் ஒரு கிணுகிணுப்பு உண்டு; அது போயிருந்தது. 

அடுத்த சனிக்கிழமை பியானோ டிஸ்க் போட்டான். ஒரே ஆள், ஒரே வாத்தியம். ஸ்வரங்களுக்கு இடையே நடுவில் அதே மூச்சு. வாசிக்கிறவருக்கும் மூச்சு உண்டுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். ஆனால் அந்த மூச்சு பியானோவுக்கு முன்னால் இருந்தது. பியானோ ஸ்பீக்கர்களின் வரிசையில் இருந்தது. மூச்சு அதைவிட இரண்டு கை கிட்டே வந்திருந்தது. மனைவியின் மேஜையிலிருந்து ஒரு சாக்பீஸ் எடுத்து, கேட்ட இடத்தைக் குறிவைத்துத் தரையில் ஒரு கோடு போட்டான். தொழில் புத்தி. எதையும் அளந்துவிட்டால் பயம் போய்விடும்.

பிறகு பெட்டியின் அடியில் கிடந்த சோதனை டிஸ்க்கை எடுத்தான். ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மெஷினே உண்டாக்கிய ஒலிகள் மட்டும் அதில் இருக்கும். பாடுகிறவரோ வாசிக்கிறவரோ கிடையாது. நுரையீரலுள்ள எதுவும் அந்த டிஸ்க்கின் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது.

கூர்மையான, நேரான, ஊசி மாதிரி ஒரு ஒலி இடதில் எழுந்து நின்றது. அடுத்து வலதில். பிறகு நடுவில்.

ஒலி நின்றது.

நடுவில், பொறுமையாக, உள்ளே இழுத்தது. வெளியே விட்டது.

பாம்புக்காது ரிமோட்டை அழுத்தி டிஸ்க்கை வெளியே தள்ளினான். தட்டு நீண்டு வந்து நின்றது. மூச்சு நிற்கவில்லை. ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். பச்சை விளக்கு மங்கி அணைந்தது. மூச்சு நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினான். பிடுங்கிய பிளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்காலில் நின்றபடியே கேட்டான். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. இரண்டுக்கும் இடையில், இரண்டு காதிலும் துல்லியமாக ஒரே அளவில், ஈரமாக, ஒரு மூச்சு.

* * *

வயரைத் திரும்ப மாற்றி மாட்டினான். சிவப்பைக் கறுப்பில், கறுப்பைச் சிவப்பில். திருகு இரண்டு முறை நழுவி உருண்டது. புதுப் பிளாஸ்திரி வாங்கி வந்து சுற்றினான். ஒரு நாள் முழுக்க ஒன்றும் கேட்கவில்லை. கோயில் மாட்டைப் போல அன்று வீடெல்லாம் நிம்மதியாக நடந்தான். மறுநாள் மாலை, முகம் கழுவித் துண்டால் துடைக்கும்போது, துண்டுக்குள் கேட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து அளந்தான். ஆறடி.

பல் டாக்டரின் தங்கைக்குப் போன் செய்தான். அவளுடைய குரல் தகர டப்பாவுக்குள் சிக்கிய வண்டு போலக் கேட்டதே தவிர, வார்த்தை பிரியவில்லை. “எழுதி அனுப்புங்க அம்மா, எனக்குக் காது சரியில்லை” என்று கத்தினான். அந்தப் பக்கம் சட்டென்று அமைதி. அந்த அமைதி அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

பத்து நிமிடம் கழித்துச் செய்தி வந்தது.

‘பிளாஸ்திரியைப் பிரிச்சிட்டீங்களா? அண்ணன் அவ்வளவு தெளிவா எழுதி வச்சிருந்தாரே.’

பிறகு இன்னொன்று.

‘அது ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவுல நிக்கிறப்பவே வயரை மாத்தணும். நடந்து வந்துட்டா மாத்தி லாபமில்லைன்னு சொல்வாரு. அவரு உடனே மாத்தினாரு, அதுகிட்டேருந்து தப்பிச்சாரு. வேற எனக்குத் தெரியாது சார்.’

அவன் விடவில்லை. ‘நடந்து வந்தால் என்ன செய்வது?’ என்று கேட்டான். வெகுநேரம் அவள் எழுதுவதும் அழிப்பதுமாகத் திரையில் புள்ளிகள் துள்ளின.

‘கேட்டுக்கிட்டே இருக்கணுமாம். நாம கேக்கற வரைக்கும் அது நின்ன இடத்துலயே நிக்குமாம். கேக்காம விட்ட நேரம்தான் நடக்குமாம்.’

கடைசியாக ஒன்று வந்தது. அது செய்திகூட இல்லை, கேள்வி.

‘உங்க காதுக்கு என்ன சார்?’

* * *

அதன் பிறகு நடந்ததையெல்லாம் மனைவி வேறு மாதிரி புரிந்துகொண்டாள். மோட்டார் சத்தத்துக்கு நடுவில் அந்த மூச்சைக் கேட்க முடியாது என்பதால் அவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான். செவிடாகப்போகிற துக்கம் என்றாள். மின்விசிறியை நிறுத்தினான், குளிர் காய்ச்சல் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஸ்பீக்கர்களை, ஆம்ப்ளிஃபயரை, டிஸ்க் பெட்டியை ஒரு வண்டி பிடித்து ஏற்றி, ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கிடங்கில் இறக்கிவிட்டு வந்தான். அப்போதும் “அதுவும் நல்லதுக்குத்தான்” என்றாள். ஸ்பீக்கர் நின்ற இடத்தில் தரையில் இரண்டு சதுரத் தூசித் தடம். அவற்றுக்கு நடுவிலிருந்து புறப்பட்ட சாக்பீஸ் கோடுகள், ஒன்றன்பின் ஒன்றாக, நாற்காலியை நோக்கி வந்துகொண்டிருந்தன.

ஐந்தடி. நாலு.

“உனக்கு ஒண்ணுமே கேக்கலையா?” என்றான்.

அவள் நிஜமாகவே காதைக் கொடுத்துக் கேட்டாள். ஒரு நிமிடம். அவளுடைய அன்பு அது. “இல்லைங்க” என்றாள். “நான் கொஞ்ச நாள் லீவு போடட்டுமா? நீங்க தூங்கணும்.”

“தூங்கக் கூடாது.”

“அப்ப அக்கா வீட்டுக்காவது போலாம் வாங்க. இந்த ஹாலைப் பாத்தா எனக்கே என்னவோ பண்ணுது.”

போனார்கள். அக்கா வீடு நாலாவது மாடி, புது வண்ணத்தின் வாசனை, வெளிச்சம், டி.வி. சத்தம். மைத்துனி வீட்டுக்காரர் வழக்கம்போல, “சகலை, உங்க பாம்புக்காதுக்கு மகுடி யாரு ஊதினா?” என்று கலாய்த்தார். அவன் சிரிக்க முயன்றான். டி.வி.யை யாரோ அணைத்தார்கள்.

நாலடி. அதே நாலடி. அறைதான் மாறியிருந்தது.

சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்திருந்தவன் சட்டென்று எழுந்து பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். மூச்சு எதிரில்தான். சமையலறைப் பக்கம் திரும்பினான். எதிரில்தான். எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும், நகர்ந்த சுவடே இல்லாமல், அது சுற்றி வந்து அவனுக்கு நேராக நின்றுகொண்டது. எதிரில் சுவர் இருந்தது. எதிரில் மைத்துனியின் கவலை படிந்த முகம் இருந்தது. எதிரில் எதுவும் இல்லை.

“வீட்டுக்குப் போயிடலாம்” என்றான்.

வீடு திரும்பிய நாளிலிருந்து, காது எவ்வளவு மிச்சம் என்று அவனே பார்த்துக்கொண்டான். பாத்திரம் உரசும் ஒலி முதலில் போனது. அப்புறம் பறவைகள். அப்புறம் மனைவியின் குரலில் பாதி. கண்ணயர்ந்த நேரமெல்லாம் ஒரு கோடு. மூன்றடி. இரண்டு. தொழிற்சாலை ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து, முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியை எலும்பில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்தான். கன்றிப் புண்ணாகும் வரை அழுத்தினான். உலகத்தில் எந்த மனிதனும் எந்தப் பாட்டையும் இவ்வளவு ஆசையாகக் கேட்டிருக்க மாட்டான். நிற்காதே, நிற்காதே என்று அந்த மூச்சிடமே கெஞ்சினான்.

* * *

ஞாயிற்றுக்கிழமை, மதியம் மூன்று மணி. மழை.

மழை பெய்வது கண்ணாடியில் தெரிந்தது. சற்று முன்வரை கேட்டுக்கொண்டிருந்த அதன் சலசலப்பு, வானொலியில் நிலையம் நழுவுவதுபோல மெல்ல நழுவிப் போயிருந்தது. நாற்காலி அறையின் நடுவில். கதவு எதிரில். மனைவி சமையலறையில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள்; டம்ளர் சத்தம் கேட்க வேண்டிய நேரம். கேட்கவில்லை.

குளிர்பெட்டியின் உறுமல் கொஞ்சம் கேட்டது. அதுவும் போனது.

மிச்சம் மூச்சு ஒன்றுதான்.

ஒரு முழத் தூரம். உள்ளே. வெளியே. அவன் கண்களை அகலத் திறந்து, எதிரே இருந்த வெறும் காற்றை முறைத்துக்கொண்டு கேட்டான். உள்ளே. வெளியே. அது தேய்ந்தது. ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைப் பல்லால் கடித்து, முனையைத் தரையில் குத்தினான். பல் வழியாக, மண்டை வழியாக, எங்கேயோ வெகு ஆழத்தில்...

உள்ளே.

வெளியே.

உள்ளே.

அவ்வளவுதான்.

அவன் காத்திருந்தான். அப்படி ஒரு அமைதியை அவன் கேட்டதில்லை. பஞ்சு அடைத்த மந்தம் இல்லை, இரைச்சல் இல்லை, ரீங்காரம் இல்லை. ஒரு முழத் தூரத்தில் எதுவுமே தெரியவில்லை. காற்றில் கையை நீட்டித் துழாவினான். வெறுமை. இன்னும் நீட்டினான். வெறுமை. எதிரே யாருமில்லை.

எதிரே எப்போதுமே யாரும் இருந்ததில்லை.

அப்போதுதான் முக்காலி நினைவுக்கு வந்தது. மூடிய கண்கள். மூன்றாவது சொடுக்கு. இரண்டு காதிலும் ஒரே அளவாகக் கேட்ட அந்தச் சத்தத்துக்கு நேர் முன்னால் தான் கை நீட்டியது. பக்கென்று ஒரு சிரிப்பு.

தரையைப் பார்த்தான். இத்தனை கோடுகளையும் தப்பான பக்கத்தில் போட்டிருந்தான்.

கதவில் மனைவி வந்து நின்றாள். இரண்டு கையிலும் தேநீர். ஏதோ சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். அவளுடைய கண்கள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தலைக்கு ஒரு சாண் மேலே, சற்றுப் பின்னால் பார்த்தன. கண்ணாடி டம்ளர்கள் நழுவின. தரையில் பட்டன. உடைந்து நாலாபக்கமும் தெறித்தன. சத்தமில்லை.

அவள் ஓடவில்லை. இரண்டு கையையும் மெல்ல உயர்த்தினாள், அசையாதே என்பதுபோல. முகத்தில் இரத்தமில்லை. உதடுகள் பிரிந்தன. சாயங்காலப் பாடம் போலவே, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவனுக்கு ஒன்றுகூடத் தவறவில்லை.

தி.

ரும்.

பா.

தீங்.

க.

அவனுடைய காதோர முடி முன்பக்கமாக அசைந்தது.

மெல்ல, பின்பக்கமாக அசைந்தது.